"பசிக்கேல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால்

திருகோணமலையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைப்பதற்குள் யாராவது ஒருவர் நம் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுவார். "என்ன பிள்ளை, இப்படி மெலிஞ்சு போனாய், கொம்மா சாப்பாடு தாறேல்லையோ?" இல்லாவிட்டால், "நல்லாச் சதை வைச்சிட்டுது, கொஞ்சம் பாத்துக்கொள்." சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. எங்கள் ஊரில் சுகம் விசாரிப்பதில் அதுவும் ஒரு வகை. மாமிக்கு நம்மேல் உண்மையான அக்கறை. அந்த அக்கறை நேரே நம் இடுப்பில் வந்து நிற்கிறது.

என் சித்தியின் மகள் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது சாப்பாட்டைக் குறைத்தாள். முதலில் இராச் சாப்பாடு போனது. அப்புறம் சோறு, பாண், கடைசியில் தேங்காய்ப்பால் சேர்ந்த எல்லாமே போனது. எங்கள் சமையலில் தேங்காய்ப்பாலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேட்டால் "பசிக்கேல்லை" என்பாள். "வயிறு ஊதின மாதிரி இருக்கு" என்பாள். படிப்பு அழுத்தம் என்று நினைத்தோம். காஸ்றிக் என்று நினைத்தோம். ஐந்து மாதம் காஸ்றிக்குக் குளிசை எடுத்தாள். மருந்து எழுதியவர்களில் ஒருவர்கூட, சாப்பிட உட்காரும்போது உனக்கு என்ன நினைப்பு வருகிறது என்று அவளைக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போன பிறகுதான் சித்தி பயந்தார். அந்தப் பயமும் முதலில் வேறொரு சந்தேகமாகத்தான் இருந்தது. பிள்ளையை அந்தக் கண்ணோடு பார்த்த நாட்களை நினைத்து இன்றைக்கும் அழுவார்.

அவளுக்கு வந்திருந்தது சாப்பாட்டைச் சுற்றி வரும் ஒரு மனநோய். அந்த ஐந்து மாதம் ஏன் வீணாய்ப் போனது என்பதை விளங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை கிலோ குறைந்தாள், எத்தனை கலோரி சாப்பிட்டாள் என்ற எண்கள் இதில் வராது. இந்த நோய் வந்த பிள்ளைகள் அப்படியான எண்களைத் தேடித்தேடிப் படிப்பார்கள். மற்றவருக்கு எச்சரிக்கையாகத் தெரியும் எண் அவர்களுக்கு எட்டவேண்டிய இலக்காகிவிடும்.

நோயின் பெயர்களைப் பார்ப்போம். உணவைக் கடுமையாகக் குறைத்து, உடம்பு எவ்வளவு மெலிந்தாலும் போதாது என்று நினைக்கவைப்பது அனோரெக்சியா நெர்வோசா. 1873ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியரும் பாரிஸில் சார்ல்ஸ் லசேக் என்ற வைத்தியரும் ஒருவரையொருவர் சாராமல் இதை விவரித்தார்கள். ஆக, பேஸ்புக்கும் ஜிம்மும் கண்டுபிடித்த நோய் இல்லை இது. அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தியெடுத்தோ பேதிமருந்து குடித்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பது புலிமியா. அதற்கு 1979இல் ஜெரல்ட் ரசல் பெயர் வைத்தார். மூன்றாவது, ஈடுகட்டும் முயற்சி எதுவும் இல்லாமல் கட்டுப்பாடிழந்து சாப்பிடுவதும், அதற்குப் பிறகு வெட்கத்தில் புழுங்குவதும். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது 2013இல்தான். எல்லாரும் படுத்த பிறகு குசினியில் லைட் போடாமல் நின்று சாப்பிடும் பெண்ணை எங்கள் ஊர் "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று சொல்லும். நோயாளி என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றாது. பார்க்கப்போனால் இந்த மூன்றாவது வகைதான் மற்ற இரண்டையும்விடக் கூடுதலாகக் காணப்படுவது.

ஆண்களுக்கும் இவை வரும். சதை முறுக்கேற வேண்டும் என்று ஜிம்மில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் பொடியன்களும் எங்கள் நகரத்தில் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

என் தங்கையின் ஐந்து மாதத்துக்கு வருகிறேன். அவள் ஒருநாளும் "நான் குண்டாயிருக்கிறன்" என்று சொல்லவில்லை. பசியில்லை, வயிறு ஊதுது, சாப்பிட்டால் நெஞ்சு அடைக்குது, இவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இருக்கும் நோயாளி இப்படிப் பேசமாட்டாள். உடல் பருத்துவிடும் என்ற பயம்தான் அனோரெக்சியாவின் அடையாளம் என்று மேற்கில் நெடுநாள் எழுதிவைத்திருந்தார்கள். 1993இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த மனநல வைத்தியர் சிங் லீயும் அவருடைய குழுவினரும் 70 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பயமே இல்லை. எலும்பும் தோலுமாக இருந்த அந்தப் பெண்கள் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் வயிறு ஊதியிருக்கிறது, பசி இல்லை என்றே சொன்னார்கள். அதைப் படித்தபோது சித்தியின் வீட்டு விறாந்தையில் இருந்து கேட்ட வார்த்தைகளைத்தான் திரும்பக் கேட்டேன்.

ஒரு சமூகத்தில் துன்பத்தை எந்த மொழியில் சொன்னால் காது கொடுப்பார்களோ, அந்த மொழியில்தான் பிள்ளை பேசும். எங்கள் வீடுகளில் "மனசு சரியில்லை" என்றால் கோயிலுக்குப் போகச் சொல்வோம். "வயிறு சரியில்லை" என்றால் உடனே ஓட்டோ பிடிப்போம். இதில் பிள்ளை பொய் சொல்கிறாள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த வயிறு மெதுவாகத்தான் வேலைசெய்யும். இரண்டு வாய் சாப்பிட்டாலே நிறைந்துபோகும், ஊதும், நோகும். நோய் கொண்டுவந்த வயிற்று வலியை நோயின் காரணமாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் வெளியிட்ட, நோயை அடையாளம் காணும் விதிகளில், பருமனாகிவிடும் பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை ஏறுவதைத் தொடர்ந்து தடுக்கும் நடத்தை இருந்தால் போதும் என்று சேர்த்தார்கள். மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். அது நிற்கும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

"ஏன் பிடிவாதம் பிடிக்கிறாள்? ஒரு பிடி சோறு சாப்பிட்டால் என்ன?" இதுதான் வீட்டில் எல்லாரும் கேட்டது. நானும் கேட்டிருக்கிறேன், கோபத்தோடு. இதற்குப் பதில் எதிர்பாராத ஒரு இடத்தில் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. 1944இல் தொடங்கியது. அன்சல் கீஸ் என்பவர் நடத்தினார். ஆயுதம் தூக்க மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். நல்ல ஆரோக்கியமும் மன உறுதியும் உள்ளவர்களாகப் பார்த்து எடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்தார்கள். உடல் எடையில் காற்பங்கு போய்விட்டது. அது எதிர்பார்த்ததுதான். மனதுக்கு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். கோப்பையில் இருந்ததைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். எரிச்சல், சோர்வு, எப்போதும் குளிர். வழக்கமான உடம்போடு இருந்த மற்றவர்கள் அவர்கள் கண்ணுக்குக் குண்டாகத் தெரிந்தார்கள்.

இவர்களில் ஒருவருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. ஒருவரும் கண்ணாடி முன்னால் அழுததில்லை. பட்டினி தனியாகவே மூளையை அப்படி ஆக்கியது. மறுபடி உணவு கொடுக்கத் தொடங்கிய பிறகும் மனம் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் எடுத்தன.

என் தங்கை அந்த நாட்களில் வீட்டில் எல்லாருக்கும் சமைத்தாள். பிட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்து, பக்கத்தில் இருந்து பரிமாறுவாள். யூரியூப்பில் கேக் செய்யும் வீடியோ ஒன்று விடாமல் பார்ப்பாள். "சமையலில் இவ்வளவு விருப்பம், இவளுக்கு என்ன நோய்?" என்று அம்மம்மா கேட்டார். வெக்கையான மத்தியானத்தில் போர்வை போர்த்திக்கொண்டு படித்தாள். எல்லாவற்றையும் குணம் என்று எடுத்துக்கொண்டோம், பட்டினி செய்த வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "சும்மா சாப்பிடு" என்பது அந்த நிலையில் இருக்கும் மூளைக்கு, முறிந்த காலோடு இருப்பவனை எழும்பி நட என்பதுபோலத்தான்.

பட்டினி கிடந்த எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை என்பதும் உண்மை. டயட் தொடங்கும் பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இரண்டு வாரத்தில் கொத்து றொட்டிக் கடையில் நிற்பார்கள். யாரோ ஒருத்தியை மட்டும் அது பிடித்துக்கொள்கிறது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டின. 2019இல் ஏறக்குறைய 17,000 நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு, அனோரெக்சியாவோடு தொடர்புள்ள எட்டு இடங்களை மரபணுத் தொகுதியில் கண்டது. மனநோய்களோடு மட்டுமல்லாமல் உடல் சக்தியைச் செலவழிக்கும் விதத்தோடும் அவை தொடர்புபட்டிருந்தன. தாயின் வளர்ப்பால் வந்தது, பிள்ளையின் கர்வத்தால் வந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. இதைச் சித்திக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

அப்படியானால் சமூகத்தின் பங்கு என்ன? வெடிமருந்து சிலரிடம் பிறப்பிலேயே இருக்கிறது, தீக்குச்சியைக் கொளுத்திப் போடுவது நாங்கள் என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன்.

பீஜித் தீவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பருமனான உடம்புதான் நல்ல உடம்பு. ஒரு பெண் மெலிந்தால் வீட்டார் அவளைக் கவனிக்கவில்லை என்று ஊர் பேசும். "கொம்மா சாப்பாடு தாறேல்லையோ" என்பதன் பீஜி வடிவம் அது. 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் அன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதிவுசெய்தார். எடையைக் குறைக்க வாந்தியெடுத்தவள் ஒருத்திகூட இல்லை. மூன்று வருடம் கழித்து 1998இல் அதே வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது 11.3 வீதமானவர்கள் எடுத்ததாகச் சொன்னார்கள். 74 வீதமானவர்கள் தாங்கள் குண்டு என்று நினைத்தார்கள். நூற்றாண்டுகளாக இருந்த ஒரு அழகுப் பார்வை, மூன்று வருடத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகளின் மனதில் இருந்து நழுவியிருக்கிறது.

அந்த ஆய்வில் என்னைத் தொட்டது எண்கள் இல்லை. அந்தப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்த பெண்களை அழகிகள் என்று மட்டும் பார்க்கவில்லை. அவர்களைப்போல் மெலிந்தால் வேலை கிடைக்கும், ஊரை விட்டு மேலே போகலாம் என்று நினைத்தார்கள். மெலிவு ஒரு கடவுச்சீட்டு.

அந்தச் சொல் எங்களுக்கு இன்னும் கூடப் பொருந்தும்.

எங்கள் பிள்ளையின் உடம்புக்கு ஊர் எழுதிவைத்திருக்கும் அட்டவணையைப் பாருங்கள். பெரியபிள்ளையானதும் ஊட்டத் தொடங்குகிறோம். உழுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. இடுப்பெலும்பு பலக்க வேண்டும், சதை பிடிக்க வேண்டும், கன்னம் ஊத வேண்டும். சாமத்தியவீட்டு அல்பத்தில் பிள்ளை மொழுமொழு என்று இருந்தால்தான் தாய்க்குப் பெருமை. வேண்டாம் என்று வாயை மூடினாலும் பிடித்து ஊட்டுவோம். சரி, ஆறேழு வருடம் போகிறது. ஏ.எல். முடிகிறது, சாதகம் எடுக்கிறார்கள். அதே தாய், அதே மாமி, அதே பெரியம்மா இப்போது கோப்பையைப் பார்க்கிறார்கள். "இன்னொரு இடியப்பம் வேணுமோ பிள்ளை? படம் எடுக்கிற நேரம்." ஊட்டிய கைதான் பறிக்கிறது. தன் பசியை எப்போது நம்புவது, எப்போது அடக்குவது என்று இரண்டு தரமும் மற்றவர்கள்தான் அவளுக்குச் சொல்கிறார்கள். வயிறு சொல்வதைக் கேட்டு வளரும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவேயில்லை.

அந்தப் படம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவுக்கு, லண்டனுக்கு, பாரிஸுக்கு, சூரிச்சுக்கு. முன்பு ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம் தபாலில் போகும். இப்போது புரோக்கரின் வட்ஸ்அப்பில் பதினைந்து பிள்ளைகளின் படம் ஒரே நேரத்தில் போகிறது. அங்கே ஒரு குடும்பம் விரலால் தள்ளித்தள்ளிப் பார்க்கிறது. "பிள்ளை கொஞ்சம் உடம்புபோல" என்று ஒரு வரி திரும்பி வருகிறது. அந்த ஒரு வரி ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தாய் தகப்பன் அதைப் பிள்ளையிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த நாளில் இருந்து இரவில் ஒரு பழமும் தேத்தண்ணியும்தான்.

ஈழத்தில் அழகுக்கு நாங்கள் சொல்லும் சொல் "வடிவு". வடிவான பிள்ளை, வடிவான வீடு, "வடிவாச் சாப்பிடு" என்றுகூடச் சொல்வோம். நன்றாக, வயிறாரச் சாப்பிடு என்று அதற்குப் பொருள். வடிவு என்றால் உருவம். எந்த உருவம் என்று அந்தச் சொல் குறித்துவைக்கவில்லை. பழைய புலவர்கள் பெண்ணின் இடையை மின்னல் என்றும் கொடி என்றும் பாடினார்கள், அது உண்மை. ஆனால் அதே பாட்டுகளில் மார்பும் அல்குலும் கனத்து நிற்கும், நடை யானையினுடையதாக இருக்கும். கோயில் சிற்பத்தில் நிற்கும் அம்மனைப் பாருங்கள். தோளும் வயிறும் உருண்டு, சதையோடு நிற்கிறாள். இன்றைக்கு ரீவியில் ஓடும் உடம்பு எங்கள் மரபிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பழைய காயம், எல்லாருக்கும் தெரிந்தது. கடலும் வெயிலும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைகளை வெயிலுக்குப் பயப்பட வைத்திருக்கிறோம். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபெயார் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரில் இருந்து "ஃபெயார்" என்ற சொல்லை எடுத்தது. கலியாண விளம்பரங்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. பெயர் விலாசம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைத் தின்னும். தன் தோலோடு சண்டைபிடிக்கப் பழகிய பிள்ளைக்குத் தன் சதையோடு சண்டைபிடிப்பது தூரமில்லை.

கைப்பேசியின் பங்கும் பெரியதுதான். 2021 செப்டெம்பரில் பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படும் பதின்வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இன்ஸ்டகிராம் அந்தக் கவலையைக் கூட்டுகிறது என்று அந்த நிறுவனமே ஆராய்ந்து எழுதி வைத்திருந்தது. பீஜிப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்தது யாரோ ஒரு நடிகையை. எங்கள் பிள்ளைகள் பார்ப்பது பக்கத்து வகுப்புத் தோழியை, ஃபில்டர் போட்ட முகத்தோடு.

அடுத்தது நான் தயங்கித் தயங்கி எழுதும் பகுதி. விரதம்.

எங்கள் ஊர் விரதத்தில் தோய்ந்த ஊர். கோணேசர் மலையேறும் பெண்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு விரதத்தோடுதான் ஏறுகிறார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள், கேதாரகௌரிக்கு இருபத்தொரு நாள், நவராத்திரி, வெள்ளி, செவ்வாய். கிண்ணியாவிலும் மூதூரிலும் ரமழான் மாதம் முழுவதும் நோன்பு. நானும் சஷ்டி பிடிக்கிறவள். விரதம் மனதுக்குத் தரும் தெளிவு எனக்குத் தெரியும், அதை நோய் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் நோய் வந்த பிள்ளைக்கு விரதம் நல்ல மறைவிடம். சாப்பிடாமல் இருந்தால் திட்டு வாங்கும் வீட்டில், விரதம் என்று சொல்லிச் சாப்பிடாமல் இருந்தால் பாராட்டு. என் தங்கை அந்த வருடம் ஒன்றையும் விடாமல் பிடித்தாள். "பிள்ளைக்கு என்ன பக்தி" என்று கோயிலில் சொன்னார்கள். பாரணை முடிந்த பிறகும் அவள் விரதம் முடியவில்லை என்பதைத்தான் நாங்கள் பார்த்திருக்க வேண்டும். விரதத்துக்கு முடியும் நாள் ஒன்று உண்டு. சஷ்டி முடிந்து பாரணைச் சோறு உண்ணும்போது வரும் மகிழ்ச்சி அவளிடம் இல்லை, பயம்தான் இருந்தது.

இதில் எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவுக்கு வருகிறார். கணவன் விட்டுப்போன பிறகு, அவனுக்காகச் சுமந்த அழகும் சதையும் இனி எதற்கு என்று இறைவனிடம் கேட்டு, எலும்புருவான பேய் வடிவம் வாங்கியவர். அவரை நோயாளி என்று சொல்வது அறியாமை. அவர் பாடினார், நடந்தார், இறைவனே "அம்மை" என்று அழைத்தார் என்று சைவம் சொல்கிறது. ஆனால் பெண்ணின் அழகு அவளுக்குச் சொந்தமில்லை, யாருக்காகவோ சுமப்பது என்ற உணர்வு எங்கள் மரபில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அந்தக் கதை எனக்குக் காட்டுகிறது. அம்மையார் அந்தச் சுமையை இறக்கி வைத்தார். எங்கள் பிள்ளைகள் அதைச் சுமந்துகொண்டே எலும்பாகிறார்கள்.

விரதம் பிடிக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்லலாம். நோயாளிக்கு விரத விலக்கு சைவத்திலும் உண்டு, இஸ்லாத்திலும் உண்டு. ஐயரோ மௌலவியோ அதைத் தன் வாயால் பிள்ளைக்குச் சொன்னால், தாய் நூறு தரம் சொல்வதைவிட எடுபடும்.

இன்னொரு கனமான விஷயம் பசியின் நினைவு. எங்கள் மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு அகதி முகாம் கதை இருக்கும். இடம்பெயர்ந்து, நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்று, பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணி மட்டும் கொடுத்த இரவுகள். போர், 2004இன் சுனாமி, அப்புறம் 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் நின்ற வரிசை. இப்படி வாழ்ந்தவர்களின் முன்னால் ஒரு பிள்ளை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தால் அது அவர்களுக்கு நோயாகத் தெரியாது. பாவமாகத் தெரியும், திமிராகத் தெரியும். "நாங்கள் மாவைக் கரைச்சுக் குடிச்சு வளர்ந்தனாங்கள்" என்று சித்தப்பா கத்தினார். அவர் குரலில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பழைய பயமும்தான். பிள்ளை பட்டினி கிடப்பதைப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே அவர் அவ்வளவு பாடுபட்டார்.

இது பணக்கார வீட்டு நோய் என்ற பேச்சும் இதில்தான் பிறக்கிறது. அதுவும் சரியில்லை. உணவு கிடைக்குமா கிடைக்காதா என்ற நிச்சயமின்மையில் வாழ்பவர்களிடம் இந்த நோய்கள், முக்கியமாகக் கட்டுப்பாடிழந்து உண்ணும் வகை, கூடுதலாகக் காணப்படுவதாகப் பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. மாதக் கடைசியில் பாதி வயிறு, சம்பளம் வந்ததும் நிறைவயிறு என்று மாறி மாறி வாழும் உடம்பு, கிடைக்கும்போது சேர்த்துவைக்கப் பழகிவிடுகிறது.

எதைக் கவனிக்க வேண்டும்? மெலிவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். புலிமியா உள்ளவர் பெரும்பாலும் பார்வைக்குச் சாதாரண உடம்போடுதான் இருப்பார். சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, காதுக்குக் கீழே கன்னம் வீங்குவது, விரல் முட்டிகளின் மேல் தழும்பு, பல் கூசுவதும் அரிப்பதும் அதன் அடையாளங்கள். அடிக்கடி வாந்தியெடுத்தால் இரத்தத்தில் பொற்றாசியம் என்ற தாது உப்பு இறங்கும். பொற்றாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடம் மாறும், நேற்றுவரை ரியூசனுக்குப் போன பிள்ளை இன்று விழலாம். அனோரெக்சியாவில் நாடி மெதுவாகும், எழும்பினால் தலை சுற்றும், முடி கொட்டும், கையிலும் முதுகிலும் பூனைமயிர் முளைக்கும். மாதவிடாய் நிற்கும்போது எலும்பும் தேயத் தொடங்கும். பதினெட்டு வயதில் இழந்த எலும்புப் பலம் முழுவதும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். மனநோய்களிலேயே உயிரைக் கொண்டுபோவதில் முன்வரிசையில் நிற்பது அனோரெக்சியா. இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "வயசுக் கோளாறு, போகப்போகச் சரிவரும்" என்று நாங்கள் இருந்ததுபோல் இன்னொரு வீடு இருக்கக்கூடாது.

அதே அவசரத்தில் ஒரு தவறும் செய்துவிடாதீர்கள். பல வாரம் சாப்பிடாமல் இருந்த பிள்ளைக்கு வீட்டில் ஒரே நாளில் சோறும் சீனியும் திணிப்பது ஆபத்து. இரத்தத்தில் உள்ள பொஸ்பேற் என்ற தாது உப்பு சடாரென்று விழுந்து இதயத்தையும் மூச்சையும் பாதிக்கும். நீண்ட பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட போர்க்கைதிகள் உணவு கொடுத்த பிறகு இறந்துபோனதில் இருந்து மருத்துவம் கற்ற பாடம் இது. கடுமையாக மெலிந்திருந்தால் வைத்தியசாலையில், இரத்தம் பரிசோதித்துப் பரிசோதித்துத்தான் உணவைக் கூட்டுவார்கள்.

சிகிச்சை உண்டு, குணமாவதும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கு நல்ல பலன் தருவதாகத் தெரிந்த முறை 1980களில் லண்டனின் மோட்ஸ்லி வைத்தியசாலையில் வளர்ந்தது. பெற்றோரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், அவர்களையே தாதியாக்கும் முறை. என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற முடிவைக் கொஞ்ச காலம் பெற்றோர் கையில் எடுப்பார்கள். வேளைக்கு வேளை பக்கத்தில் இருப்பார்கள். திட்டமாட்டார்கள், கெஞ்சமாட்டார்கள், எழும்பிப் போகவும் விடமாட்டார்கள். நோயையும் பிள்ளையையும் இரண்டாகப் பார்ப்பார்கள். பிள்ளை தேறத்தேற அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுப்பார்கள். புலிமியாவுக்கும் மூன்றாவது வகைக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை பலன் தருகிறது, புலிமியாவில் சிலருக்கு மருந்தும் உதவும். குடும்பம் ஒன்றாக இருந்து சாப்பிடுவதை மருந்தாக்கும் முறை எங்கள் வீடுகளுக்கு அந்நியமானது இல்லை. எங்களிடம் இல்லாமல் போனது அந்தப் பெயரும் துணிவும்தான்.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை. "மென்ரல் கிளினிக்குப் போனதை யாராவது கண்டால் கலியாணம் குழம்பும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் தயக்கம். எங்கள் வீட்டிலும் அதே தயக்கம் மூன்று வாரத்தைத் தின்றது. நேரே போகத் தயங்குபவர்கள் ஊர் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். என்ற சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்திலோ முதலில் பேசலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். போகும்போது "காஸ்றிக்" என்று மட்டும் சொல்லாமல், எப்போது இருந்து எதை எதை விட்டாள், மாதவிடாய் எப்படி, சாப்பிட்ட பிறகு என்ன செய்கிறாள் என்று எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

என் தங்கை இப்போது தேறி வருகிறாள். நேர்கோட்டில் இல்லை. இரண்டு அடி முன்னால், ஒரு அடி பின்னால். போன மாதம் குடும்பத்தில் ஒரு கலியாணம் வந்தது. கிளினிக்கில் சித்தியிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெலிந்துவிட்டாய் என்று மட்டுமில்லை, "இப்ப நல்லாத் தேறிட்டாய், இப்பதான் வடிவு" என்றும் யாரும் சொல்லக்கூடாது. நோயில் இருந்து மீண்டுகொண்டிருக்கும் பிள்ளையின் காதில் அது "குண்டாகிவிட்டாய்" என்றுதான் விழும்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சித்தி கொப்பியில் பெயர் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தார். மனையாவெளி, உப்புவெளி, தம்பலகாமம், கொழும்பில் இரண்டு வீடு, கனடாவில் ஒன்று. எல்லாரிடமும் ஒரே வேண்டுகோள்: பிள்ளையின் உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். சிலர் கோபித்தார்கள். சிலர் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். தம்பலகாமத்து அம்மம்மாவுக்கு விளங்கவேயில்லை. "அப்ப பிள்ளையைக் கண்டா என்னத்தையடி கேக்கிறது?"

"என்ன படிக்கிறாய் எண்டு கேளுங்கோ. இல்லாட்டி ஒண்டும் கேக்காமப் பக்கத்தில இருத்தி வைச்சிருங்கோ."

அம்மம்மா இரண்டாவதைச் செய்தார். பந்தியில் தன் பக்கத்தில் இருத்தி, கடைசிவரை அவள் வாழையிலையைப் பார்க்காமல், தம்பலகாமத்து வயல் விளைச்சலைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்.